வந்த வழியே திரும்பும் ஒளி

ஆயுத பூஜை மாலை. அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் சாலையோரமாக இருக்கும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். லேத்துக்கும் வெல்டிங் செட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடிப்பதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. முப்பது பேர், பிள்ளை குட்டிகளோடு. ஆண்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் போடும் ஆரஞ்சு சேஃப்டி ஜாக்கெட் இன்னும் உடம்பில் இருந்தது. சீருடை மாதிரி அழகாகத்தானே இருக்கிறது என்று நானும் கழற்றச் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க எட்டு மீட்டர் பின்னால் போய், கேமராவின் தலையில் தனி ஃப்ளாஷைச் சொருகி, நேராக அடித்தேன்.

திரையில் பார்த்தால் இரண்டு கோளாறு. ஜாக்கெட்டில் இருந்த வெள்ளிப் பட்டைகள் வெல்டிங் பொறி போல வெளுத்துக் கிடந்தன. அவற்றுக்கு மேலே இருந்த முகங்களோ இருண்டு போயிருந்தன. பெரிதாக்கிப் பார்த்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கண்ணுக்குள் சிவப்புப் புள்ளிகள். எட்டிப் பார்த்த ஒரு தாய் பதறிப்போய்க் கேட்டார்: "என்னங்கண்ணா, பாப்பா கண்ணு இப்படிச் செவந்து கிடக்கு? உடம்புக்கு ஏதாவதுங்களா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேமராவோடு ஒட்டிப் பிறந்த குட்டி ஃப்ளாஷில்தான் செங்கண் வரும், தனி ஃப்ளாஷ் வாங்கிவிட்டால் வராது என்றுதான் கடையில் சொல்வார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு எப்படி வந்தது? விடையைக் காட்டிக் கொடுத்தது அந்த ஜாக்கெட்தான். பட்டை வெளுத்ததும் கண் சிவந்ததும் வேறு வேறு கோளாறுகள் அல்ல. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்திருந்தன.

அந்த வெள்ளிப் பட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சர்க்கரை தூவியது போல இருக்கும். அவ்வளவும் கண்ணாடி மணிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பருமன். மணியின் முன்பக்கம் லென்ஸாக வேலை செய்து, உள்ளே வரும் ஒளியைப் பின்பக்கத்தில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. பின்பக்கத்தில் இருக்கும் உலோகப் பூச்சு அதைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பும் ஒளி அதே லென்ஸ் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே போகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி அப்படிச் செய்யாது. சாய்வாக வரும் ஒளியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். இந்த மணிகள் ஒளியை அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுக்கின்றன. இரவில் துறைமுகச் சாலையில் வரும் கண்டெய்னர் லாரியின் முகப்பு விளக்கு ஒரு தொழிலாளியின் மேல் பட்டால், அந்த ஒளி லாரியை நோக்கியே திரும்புகிறது. விளக்குக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் கண்ணில் அது பளீரென்று படும். சாலையின் எதிர்ப்புறம் நிற்பவருக்கு அதே ஜாக்கெட் சாதாரணத் துணியாகத் தெரியும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டில் ஜாக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். செல்போன் டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்தால் பட்டை எரியும். டார்ச்சை அப்படியே கை நீளத்துக்குப் பக்கவாட்டில் கொண்டு போங்கள், பட்டை அணைந்துவிடும். டார்ச் மங்கவில்லை. உங்கள் கண்ணும் ஒளியும் ஒரே கோட்டில் இல்லாமல் போனதுதான் வித்தியாசம்.

நம் கண்ணும் இப்படி ஒரு மணிதான். முன்னால் ஒளியைக் குவிக்கும் பகுதி, பின்னால் விழித்திரை. விழித்திரையில் விழும் ஒளியில் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்படுகிறது. ஒரு சிறு பங்கு சிதறி, வந்த பாவை, அதாவது கண்மணி, வழியாகவே வெளியே போகிறது. (பாவை என்றால் பொம்மை. எதிரில் நிற்பவரின் கண்மணிக்குள் குட்டியாகத் தெரியும் நம் உருவத்துக்கு வைத்த பெயர். லத்தீன் மொழியிலும் கண்மணிக்குச் சின்னப் பொம்மை என்றே பெயர்.) கண் அந்த விளக்கையே துல்லியமாகக் குவித்துப் பார்க்காததாலும், விழித்திரை ஒளியைக் கொஞ்சம் சிதறடிப்பதாலும், திரும்பும் ஒளி ஒரு குறுகிய கூம்பாக விரிகிறது. கேமரா லென்ஸ் அந்தக் கூம்புக்குள் அகப்பட்டால் பாவை ஒளிர்ந்து தெரியும். வெளியே இருந்தால் வழக்கம்போலக் கருப்பு.

சிவப்பு எங்கிருந்து வருகிறது? விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற படலம் இருக்கிறது. உடம்பில் ரத்த ஓட்டம் மிக அடர்த்தியான இடங்களில் அதுவும் ஒன்று. ரத்தத்தின் ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் நன்றாக விழுங்கும். அலைநீளம் 600 நானோமீட்டரைத் தாண்டியதும் அதன் பசி சட்டென்று அடங்கிவிடும். ஃப்ளாஷ் வெள்ளையாகத்தான் போகிறது. மற்ற நிறங்களை ரத்தம் பிடித்து வைத்துக்கொள்ள, சிவப்பு மட்டும் திரும்பி வருகிறது. ஆக, படத்தில் தெரிவது அந்தக் குழந்தையின் சொந்த ரத்தத்தின் நிறம். சோழன் கோச்செங்கணானின் கண் சிவப்பு, தாய் வயிற்றில் ஒரு நாழிகை கூடுதலாக இருந்ததால் வந்தது என்கிறது நம் கதை. அது வெள்ளை விழியின் சிவப்பு. இது பாவைக்கு உள்ளே, கண்ணின் அடிச்சுவரில் இருக்கும் சிவப்பு. எல்லோருக்கும் எப்போதும் இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் வழி கிடைப்பதில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. கோராய்டில் மெலனின் கூடுதலாக உள்ள நம் ஊர்க் கண்களில் சிவப்பு சற்று மங்கி, பழுப்பாகத் தெரியும். வெளிர்நிறக் கண் உள்ளவர்களுக்கும் நிறமிக் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கும் அது கனல் போல இருக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் தனியாக ஒரு கண்ணாடிப் படலமே உண்டு. குறைந்த வெளிச்சத்தை இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ள இயற்கை தந்த ஏற்பாடு அது. மீஞ்சூர் பக்கம் இரவில் சாலை நடுவே படுத்திருக்கும் மாடுகளின் கண் ஹெட்லைட்டில் பச்சையாகவும் மஞ்சளாகவும் மின்னுவது அதனால்தான். மனிதனுக்கு அந்தப் படலம் கிடையாது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். தனி ஃப்ளாஷின் தலை, லென்ஸின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஆனால் கணக்கில் வருவது அந்த உயரம் மட்டும் அல்ல. எதிரில் இருப்பவரின் கண்ணிலிருந்து பார்க்கும்போது ஃப்ளாஷும் லென்ஸும் எவ்வளவு கோணம் விலகித் தெரிகின்றன என்பதுதான். இரண்டரை முதல் மூன்று டிகிரி விலகினால் பெரும்பாலும் செங்கண் வராது. மூன்று மீட்டரில் 18 செ.மீ. என்பது சுமார் மூன்றரை டிகிரி, தப்பித்துவிடலாம். எட்டு மீட்டருக்குப் போனதும் அதே 18 செ.மீ. 1.3 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. ஃப்ளாஷ் மாறவில்லை, கேமரா மாறவில்லை. நான் பின்னால் போனேன், அவ்வளவுதான். மண்டபத்தின் கடைசியில் நின்று ஜூம் லென்ஸில் மேடையைப் பிடிப்பவர்களுக்கும் இதே கதிதான். முகம் படத்தில் அருகில் தெரிவதால் தூரம் மறந்துபோகிறது. ஒளிக்குத் தூரம் மறப்பதில்லை.

மனதில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மீட்டர் தூரத்துக்கு 5 செ.மீ. விலகல். மூன்று மீட்டருக்கு 15, ஆறு மீட்டருக்கு 30, எட்டு மீட்டருக்கு 40. கேமராவின் மேல் எந்த ஃப்ளாஷைச் சொருகினாலும் 40 செ.மீ. உயரம் கிடைக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ளாஷ் கேமராவை விட்டு இறங்கியாக வேண்டும்.

பழைய பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பெரிய பல்பை ஒரு கைப்பிடியில் மாட்டி, கேமராவின் பக்கவாட்டில் தள்ளியே பிடித்திருந்தார்கள். போதாததற்குப் படச்சுருள் கறுப்பு வெள்ளை. உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருளில் பாவை வெளிறித் தெரிந்திருக்குமே தவிர, சிவப்பு எங்கிருந்து வரும்? வண்ணச் சுருளும் சட்டைப்பை கேமராவும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. 1975இல் ஜப்பானின் கோனிகா நிறுவனம், எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் உள்ளேயே பொதிந்த சிறு கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கைக்கு அடக்கமாக வேண்டும் என்று ஃப்ளாஷை லென்ஸுக்கு நெருக்கியதற்குக் கொடுத்த விலைதான் செங்கண். அதற்கு முன்பே, சதுர பல்பு போட்ட கேமராக்களுக்கு அந்த பல்பை மட்டும் உயர்த்திப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு விற்றார்கள். தீர்வு அன்றைக்கே தெரிந்திருந்தது: விலக்கு.

கேமரா தயாரிப்பவர்கள் பிறகு கண்டுபிடித்த வழி பாவையைச் சுருக்குவது. இருட்டில் பாவை 7 மி.மீ. வரை விரியும், வெளிச்சத்தில் 3 மி.மீ.க்குச் சுருங்கும். விட்டத்தில் இது இரண்டு மடங்கு சொச்சம்தான். பரப்பில் ஐந்து மடங்குக்கும் மேல். சிறுவர்களின் பாவை பெரியவர்களுடையதை விட அகலமாக விரியும். அன்று பிள்ளைகள் கண் மட்டும் சிவந்ததற்கு இது ஒரு காரணம். ஒளி பட்டதும் பாவை சுருங்கத் தொடங்கவே கால் நொடி ஆகிறது. ஃப்ளாஷோ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவில் எரிந்து முடிந்துவிடுகிறது. கண் கதவைச் சாத்துவதற்குள் வேலை முடிந்துபோகிறது. அதனால்தான் 'செங்கண் குறைப்பு' முறையில் ஒரு நொடிக்கு முன்பே விளக்கைக் காட்டியோ, சில முறை மின்னவிட்டோ, பாவை சுருங்கியபின் படம் எடுக்கிறார்கள்.

எனக்கு இந்த முறை பிடிப்பதில்லை. முதல் மின்னலிலேயே கூட்டம் "எடுத்தாச்சு" என்று கலைந்துவிடும். உண்மையான படம் விழும்போது ஒருவர் கண்ணை மூடியிருப்பார், ஒருவர் சுண்டலை நோக்கித் திரும்பியிருப்பார். இன்னொரு குழப்பமும் உண்டு. லென்ஸ் வழியாக வெளிச்சத்தை அளக்கும் டிடிஎல் முறையில் ஃப்ளாஷ் ஒரு முன்மின்னல் விடும். அது முக்கிய மின்னலுக்கு இமைக்கும் நேரத்துக்குள் முன்னால் வருவது. பாவைக்கு அந்த அவகாசம் போதாது. அன்று என் படத்தில் முகங்கள் இருண்டதும் இந்த அளவீட்டால்தான். ஜாக்கெட் பட்டைகள் முன்மின்னலை அப்படியே திருப்பிக் கொடுக்க, வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று கேமரா ஏமாந்து ஃப்ளாஷைக் குறைத்துவிட்டது.

பாவையைச் சுருக்க நல்ல வழி அறை விளக்குகளை எல்லாம் போடுவது. சாதாரணமாகத் தோன்றும், ஆனால் யாரையும் காக்க வைக்காது, ஏமாற்றாது. நம் ஊர்க் கல்யாண மேடைகளில் வீடியோ எடுப்பவரோடு ஒருவர் பெரிய ஹாலோஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, மணமக்கள் கண் கூசி வியர்த்துப் போனாலும், அந்த வெளிச்சத்தில் அவர்கள் பாவை சுருங்கித்தான் இருந்தது. பழைய கல்யாண ஆல்பங்களில் மேடைப் படங்களை விடப் பந்தியில் எடுத்த படங்களில் செங்கண் அதிகம் தென்பட்டால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் என்றால் ஃப்ளாஷ் தலையை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புவதைப் போல ஒரு தீர்வு கிடையாது. அப்போது கூரையில் ஒளி பட்ட இடமே விளக்காகிவிடுகிறது. அது லென்ஸிலிருந்து பல பத்து டிகிரி தள்ளி இருக்கிறது. செங்கண்ணும் போகும், மூக்குக்குக் கீழே விழும் கடுநிழலும் போகும். ஒளி ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறையும், அதாவது கால் பங்காகும். ஐஎஸ்ஓவை நான்கு மடங்காக்கினால் சரிக்கட்டிவிடலாம். ஆனால் கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளும் ரோஸுமாகத் துணி கட்டிய சாமியானாவின் கீழ் இதைச் செய்தால் எல்லோர் முகத்திலும் சாயம் ஏறும். பட்டறையில் அதுவும் முடியாது. பத்து மீட்டர் உயரத்தில் தகரக் கூரை, நடுவே கிரேன் ஓடும் தண்டவாளம். அங்கே போன ஒளி திரும்பி வராது.

பையில் ரேடியோ ட்ரிக்கர் இருந்தது. ஃப்ளாஷைக் கழற்றி, ஓர் இளைஞனிடம் கொடுத்து, எனக்கு இடப்பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி ஏணியில் ஏறி நிற்கச் சொன்னேன். பிள்ளைகள் வரிசையை நோக்கிப் பிடித்தான். எட்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்றால் 14 டிகிரி. கூரையில் அணைத்து வைத்திருந்த விளக்குகளையும் போடச் சொன்னேன். டிடிஎல்லை நிறுத்திவிட்டு ஒளியைக் கையாலேயே வைத்தேன். என் ஃப்ளாஷின் வழிகாட்டி எண், அதாவது அதன் வலுவைச் சொல்லும் எண், 40. அதைத் தூரம் எட்டால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100இல் எஃப் 5. ஐஎஸ்ஓவை 400 ஆக்கியதும் எஃப் 10 வரை இடம் கிடைத்தது. பின்வரிசையும் தெளிவாக விழ அது போதும். அடித்தேன்.

சிவப்பு இல்லை. ஜாக்கெட் பட்டைகள் வெறும் சாம்பல் துணியாகக் கிடந்தன. முகங்கள் எழுந்து வந்தன. ஒரே அசைவில் இரண்டு கோளாறும் போனதைப் பார்த்தபோது, அவற்றின் வேர் ஒன்று என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கேமராக்காரர் விரட்டும் இந்தச் சிவப்பை வரவழைக்கக் கண் மருத்துவர்கள் பாடுபட்டார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கியது 1819இல். உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று, இன்று எழும்பூரில் இருக்கும் அரசு மருத்துவமனை அதுதான். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அங்கிருந்த மருத்துவரால் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்க முடிந்திருக்காது. உலகில் வேறெங்கும் அது வழக்கத்தில் இல்லை. விளக்கின் கோட்டுக்கு மிக அருகில் நின்று பார்த்தால் மனிதக் கண்ணும் ஒளிரும் என்று 1846இல் லண்டனில் வில்லியம் கம்மிங் என்ற மருத்துவர் எழுதினார். சரியாகச் சொன்னால் அவர் பார்த்தது செங்கண். பார்க்கிறவர் தன் தலையாலேயே விளக்கை மறைத்துவிடுகிறார் என்பதுதான் சிக்கல். ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்து, ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் அனுப்பிக்கொண்டே அதே பாதையில் தானும் பார்த்தார். 1851இல் அவர் அதை வெளியிட்டார். பாவை ஏன் கருப்பாக இருக்கிறது என்ற கேள்விக்கும் அன்றுதான் விடை கிடைத்தது. உள்ளே இருட்டில்லை, நாம் தவறான இடத்தில் நிற்கிறோம்.

இன்றும் கண்புரை அறுவை செய்யும்போது, நுண்ணோக்கியின் விளக்கு பார்வைக் கோட்டோடு ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும். பின்னால் எழும் அந்தச் செவ்வொளியின் மேல்தான் லென்ஸின் மெல்லிய உறை மருத்துவருக்குத் தெரிகிறது. 1976இல் மதுரையில் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை முதல் ஊர்தோறும் நடக்கும் கண் முகாம் வரை, பார்வை திரும்பிய எத்தனையோ பேரின் அறுவை அந்தச் சிவப்பின் துணையோடு நடந்தது.

அந்தத் தாயிடம் "ஒன்றுமில்லை" என்று நான் சொன்னதற்கும் இதுதான் ஆதாரம். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி சிவப்பு தெரிந்தால், ஒளி தடையின்றி விழித்திரை வரை போய்த் திரும்புகிறது என்று பொருள். நான் பயப்படுவது வேறு நிறத்துக்கு. ஒரு கண் சிவந்து, இன்னொரு கண் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒளிர்ந்தால் அது கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் வளரும் ரெடினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வருவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரியும். கட்டி வெளிர்நிறம் என்பதால் ஒளி வெள்ளையாகத் திரும்புகிறது. தொடக்கத்திலேயே பிடித்தால் உயிரைக் காப்பாற்றிவிடலாம், பல நேரம் பார்வையையும். பல குடும்பங்களில் இதை முதலில் காட்டியது வீட்டில் எடுத்த ஃப்ளாஷ் படம். அமெரிக்காவில் பிரையன் ஷா என்ற வேதியியல் பேராசிரியர், தன் மகனின் குழந்தைப் பருவப் படங்களிலேயே அந்த வெண்மை பதிந்திருந்ததைப் பின்னால் கண்டு, அதைத் தேடிப் பிடிக்கும் செல்போன் செயலியை உருவாக்கினார்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோய் அல்ல. குழந்தை சுமார் 15 டிகிரி மூக்குப் பக்கம் பார்த்தபடி இருந்தால், பார்வை நரம்பு தொடங்கும் வெளிர் வட்டிலில் ஒளி பட்டும் அப்படித் திரும்பும். ஒரு கண் சிவந்து மற்றது கருப்பாக இருந்தால் மாறுகண்ணோ, இரு கண்ணின் பவர் வித்தியாசமோ காரணமாகலாம். இதைப் பிரித்துச் சொல்லப் படம் போதாது, மருத்துவர் வேண்டும். செங்கண் குறைப்பு முறையும், செல்போன் தானாகவே சிவப்பை அழித்துக் கருப்புப் பூசும் வசதியும் இந்த அடையாளத்தை மறைத்துவிடக்கூடும் என்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டில் எப்போதாவது ஒரு படத்தை அவை இல்லாமல், நேர் ஃப்ளாஷில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அன்று நான் முதல் படத்தை அழிக்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் கண்ணையும் பெரிதாக்கி, இடம் வலம் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு, எல்லாம் ஜோடியாக. வேறு மாதிரி ஒரு கண் உங்கள் படத்தில் தென்பட்டால் வாரம் தள்ளிப்போடாதீர்கள். அத்திப்பட்டு புதுநகரில் மின்ரயில் ஏறினால் சென்ட்ரல் பக்கம் இறங்கலாம்; எழும்பூர் கண் மருத்துவமனை அங்கிருந்து எட்டும் தூரம்தான். போகும்போது அந்தப் படத்தையும், திருத்தாமல், கூடவே கொண்டு போங்கள்.